கொய்யாப் புழுக்கூட்டிலிருந்து குளவி வந்தது, சம்பூர்ப் பக்கம் வேறு யாரும் கண்டீர்களா?

#1 சம்பூர்வளவு | ஞாயிறு, காலை 6.40

வணக்கம். விடயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2006 இல் ஊரைவிட்டு வெளியேறிப் பத்து ஆண்டு கழித்துத் திரும்பியபோது எங்கள் வளவு காடாகக் கிடந்தது. கிணற்றுக்கட்டைத் தேடி எடுக்கவே இரண்டு நாள் பிடித்தது. வீட்டைச் சுற்றி வெட்டித் துப்புரவாக்கினோம். மேற்கு எல்லையில் நின்ற இரண்டு நாவல், ஓர் இலந்தைப் பற்றை, பறவை எச்சத்தில் முளைத்த நான்கு நாட்டுக் கொய்யா, இவற்றில் கத்தி வைக்க அம்மா விடவில்லை. அவற்றுக்கு அப்பால் பற்றைக் காடுதான்.

பக்கத்து வளவு எனக்கு மாமா முறையானவருடையது. பன்னிரண்டு கறுத்தக்கொழும்பான் மா நிற்கிறது. இந்த வருடம் ஆய்ந்த பழத்தில் பாதிக்கு மேல் புழு. வெளியே ஊசிமுனையளவு கறுப்புப் புள்ளி ஒன்றுதான் தெரியும். கத்தி போட்டால் சதை கொழகொழவென்று கரைந்து, வெள்ளைப் புழு நெளியும். சந்தைக்கு ஏற்றிய இரண்டு பெட்டி அப்படியே திரும்பி வந்துவிட்டது. "உன்னுடைய நாவலும் கொய்யாவும்தான் பிள்ளை இந்தப் பழ ஈயை வளர்க்கின்றன, வெட்டிவிடு" என்கிறார். கோபத்தில் சொல்லவில்லை, மன்றாடிக் கேட்கிறார். அதனால்தான் எனக்குத் தூக்கமில்லை.

வெட்டுவதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று, விழுந்த கொய்யா இருபதைப் பொறுக்கி, பேசினில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டினேன். ஒரு கிழமைக்குள் புழுக்கள் பழத்தைவிட்டு வெளியே வந்து துள்ளின. தலையையும் வாலையும் வளையம்போலச் சேர்த்துப் பிடித்து, பிறகு விடுகிறது. அந்த விசையில் எகிறிப் போய் விழுகிறது. இரவில் துணியில் அவை மோதும் சத்தம் தூறல் விழுவது போலக் கேட்டது. பிறகு மணலுக்குள் இறங்கிச் சிவப்பரிசி மணி போல உறைந்துவிட்டன. பத்து நாள் அளவில் ஈ வந்தது. மாமா சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பேசினைக் கொட்ட நேரமில்லை. மட்டக்களப்பில் ஒரு சாவு வீடு, ஐந்து நாள் அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்து துணியைத் தூக்கினால், செத்த ஈக்களின் மேல் வேறு எதுவோ நடந்து திரிகிறது. எறும்பு என்றுதான் முதலில் எண்ணினேன். சிறகு இருந்தது. செம்மஞ்சள் உடம்பு, ஒடுங்கிய இடை, உடம்பைவிட நீண்ட உணர்கொம்புகள். அவை ஒரு நொடிகூட ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. சிலவற்றின் வாலில் மயிரிழை போன்ற ஊசி. படம் இணைத்திருக்கிறேன். இது என்ன? எங்கிருந்து வந்தது? துணியின் கட்டு அவிழவில்லை.

#2 உப்புவெளி | ஞாயிறு, காலை 7.15

அக்கா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அனுபவம் எங்களுக்கு உண்டு. மூடியே வையுங்கள்.

#3 பூச்சிக்கொப்பி | ஞாயிறு, காலை 9.02

அக்கா, அவற்றைத் தயவுசெய்து கொன்றுவிடாதீர்கள். உப்புவெளி அண்ணா பயப்பட ஒன்றுமில்லை. கூடு கட்டிக் கூட்டமாகத் துரத்தும் குளவி வேறு, இது வேறு. நான்கைந்து மில்லிமீற்றர்தான் நீளம், கூடு கட்டாது, தனியாக வாழும். அந்த ஊசி முட்டையிடுவதற்கு. மனிதர்மேல் வந்து அமர்ந்தாலும் ஒன்றும் செய்யாது.

நான் விலங்கியல் படிக்கிறேன், பழ ஈதான் என் பாடம். ஊர் நிலாவெளி. உங்கள் படத்தில் இருப்பவை பிரக்கோனிடே குடும்பத்து ஒட்டுண்ணிக் குளவிகள். பழ ஈயின் புழுவை உண்டு வளர்வதையே தொழிலாகக் கொண்ட கிளை அது. எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். எந்தக் குடும்பம் என்று சொல்ல உங்கள் படமே போதும்.

அவை வெளியிலிருந்து வரவில்லை. நீங்கள் கொய்யாவைப் பொறுக்கும்போதே உள்ளே இருந்தன. பழத்துக்குள் புழு, புழுவுக்குள் குளவி.

இந்தக் குளவிகளில் சில ஈயின் முட்டையையே தேடும். ஃபோபியஸ் அரிசானஸ் என்று ஒன்று உண்டு. தைவானின் அலிசான் மலையை ஜப்பானியர் அரிசான் என்று அழைத்தார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. தாய் ஈ பழத்தைக் குத்தி முட்டையிட்ட துளையை இது மணத்தால் கண்டுபிடிக்கும். அதே துளைக்குள் தன் ஊசியை இறக்கி, ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஈ முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். ஈ முட்டை வழக்கம்போலப் பொரிக்கும், புழு வழக்கம்போலத் தின்று கொழுக்கும். உள்ளே குளவிக் குஞ்சு பொறுத்திருக்கும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிய பிறகுதான் அதை முழுவதும் தின்று முடிக்கும்.

இன்னொன்று டயகாஸ்மிமோர்ஃபா லொங்கிகோடேட்டா. அதன் ஊசி உடம்பைவிட நீளம். அழுகத் தொடங்கிய பழத்தின் புளித்த மணத்துக்கு வரும், விழுந்த பழத்தின்மேல் நடந்து திரியும், திடீரென்று நிற்கும். உள்ளே புழு அசையும் அதிர்வைக் காலால் உணர்கிறது. உணர்ந்த இடத்தில் ஊசியை இறக்கும். முட்டையோடு ஒரு வைரசையும் செலுத்துகிறது. அந்த வைரஸ் புழுவின் இரத்த அணுக்களைத் தாக்கி, உள்ளே வந்த முட்டையைப் புழு எதிர்க்க முடியாதபடி செய்துவிடுகிறது.

ஒரு வேலை செய்து பாருங்கள். பேசின் மணலைச் சல்லடையில் அரித்து வெறுங்கூடுகளை எடுங்கள். ஈ வெளியேறிய கூட்டின் தலைப்பக்கம் தையல் பிரிந்த மூடி போலத் திறந்திருக்கும். குளவி அப்படித் திறக்காது. பல்லால் அரித்து ஒழுங்கற்ற ஓட்டை போட்டு வரும். எந்தக் கூட்டிலிருந்து யார் வந்தார் என்று கையிலேயே எண்ணிவிடலாம்.

#4 கிண்ணியாப்பந்தல் | ஞாயிறு, மாலை 8.30

தங்கச்சி எழுதியதும் தம்பி எழுதியதும் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பாவற்காய் வைத்துப் பிழைக்கிறவன். அரை ஏக்கர் பந்தல். காய் விரலளவு வரும்போதே ஈ குத்திவிடும். குத்திய பக்கம் வளராமல் கோணி, மஞ்சளாகிக் கீழே விழும். விழுந்த காயைப் பொறுக்கினால் ஒரு நாளைக்கு இரண்டு உரப்பை. போன போகத்தில் கடைக்காரர் மூன்று விதமான மருந்து தந்தார், நான்கு நாளைக்கு ஒருமுறை அடித்தேன். கடன்தான் மிச்சம்.

காட்டுக்குள் குளவி இருக்கிறது என்றால் என் பந்தலுக்கு ஏன் வரவில்லை? காட்டு மரத்தில் ஈயும்தானே வளர்கிறது? உங்கள் மாமா கேட்பது நியாயமான கேள்வி.

#5 தம்பலகாமத்தான் | திங்கள், காலை 5.50

எனக்கு எழுபத்து மூன்று வயது. எங்கள் வீட்டு மாமரத்தில் என் தகப்பனார் காலத்தில் முசுறு எறும்பின் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது சட்டம். மாங்காய் ஆய ஏறுகிறவன் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவான். முசுறு உள்ள மரத்தில் பழம் புழுக்காது என்பார்கள். பிறகு கடி தாங்காமல் மருந்தடித்து அழித்தோம். புழுவும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா தம்பி?

கிண்ணியா நானா சொல்வது போலக் காட்டுப் பழத்திலும் புழு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் கண்டது ஒன்று. கந்தளாய் வீதி ஓரம் வயலுக்கு மேலே நின்ற நாவல்களில் பழம் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். புழு அகப்படும், ஆனால் அருமை. அதே காலத்தில் வீட்டுக் கொய்யாவைப் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்க முடியாது.

#6 பூச்சிக்கொப்பி | திங்கள், இரவு 9.40

ஐயா, தொடர்பு உண்டு. முசுறு நடந்த பழத்தில் அதன் மணம் படிந்திருக்கும். ஈ வந்து அமர்ந்தாலும் முட்டையிடத் தயங்கி எழும்பிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் முசுறின் உறவான எறும்பை வைத்து இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் தகப்பனாரின் சட்டம் சரியானது.

நானாவின் கேள்விக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் போகத்துப் பாவற்காயைக் குளவி காப்பாற்றாது. குளவி முட்டையிட்ட புழுவும் காயைத் தின்றுதான் வளர்கிறது. அந்தக் காய் போனது போனதுதான். குளவி குறைப்பது அடுத்த தலைமுறை ஈயை. ஒரு தாய் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று கிழமை போதும். அந்தப் பெருக்கத்தில்தான் குளவி கை வைக்கிறது.

உங்கள் பந்தலுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு, அதுவும் பாவற்காயின் கதை. உங்கள் காயைக் குத்துவது பூசணி ஈ. அது ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அங்கே வெள்ளரி, பூசணி, தக்காளி எல்லாம் அழிந்தன. 1916 இல் ஃபுல்லவே என்ற பூச்சியியலாளர் இந்தியாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுபோய் விட்டார். இன்று அதன் பெயர் சிட்டாலியா பிளெட்செரி. காட்டோரம் படர்ந்திருந்த காட்டுப் பாகலின் சின்னக் காய்களில் அது ஈப்புழுவைப் பெருமளவில் பிடித்தது. தோட்டத்து வெள்ளரியிலும் பூசணியிலும் அவ்வளவு பிடிக்கவில்லை.

காரணம் எளிது. குளவியின் ஊசிக்கு ஒரு நீளம் உண்டு. காட்டுக் காயில் சதை மெல்லியது, புழுவுக்கு ஒளிய இடமில்லை. நாம் தெரிந்தெடுத்து வளர்த்த பெரிய காயில் புழு நடுவுக்குப் போய்விடும், ஊசி எட்டாது. மாம்பழத்திலும் இதுதான். தம்பலகாமத்து ஐயா நாவற்பழத்தில் கண்டதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கொட்டைக்கு மேலே ஒரு மெல்லிய சதைப் போர்வைதானே நாவல்.

இரண்டாவது, நான்கு நாளைக்கு ஒருமுறை அடித்த மருந்து. காயின் உள்ளே இருக்கும் புழுவுக்கும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுக்கும் அது எட்டாது. இலைமேலும் காய்மேலும் நடந்து திரியும் குளவிக்குத்தான் முதலில் எட்டும்.

#7 கிண்ணியாப்பந்தல் | செவ்வாய், காலை 6.10

இதை அந்தக் கடைக்காரர் ஒருநாளும் சொல்லவில்லை. மூன்று போத்தல் விற்றார்.

சரி தம்பி, ஹவாயில் குளவியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நமக்கு இங்கேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் இங்கே ஈ குறைவாகவல்லவா இருக்க வேண்டும்?

#8 பூச்சிக்கொப்பி | செவ்வாய், இரவு 10.25

நானா, இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பாடத்துக்கே இழுத்து வந்தது. ஈ தனியாக ஓர் இடத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நம் மா, கொய்யா எல்லாவற்றையும் குத்தும் கீழைத்தேயப் பழ ஈ, பக்ட்ரோசெரா டோர்சாலிஸ், 1945 அளவில் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. எதிரி இல்லாத மண். சில ஆண்டிலேயே தீவெங்கும் பழம் அழுகியது. ஆசியா முழுவதும் ஆள் அனுப்பிக் குளவி தேடினார்கள். முதலில் லொங்கிகோடேட்டா காலூன்றியது, பிறகு இன்னோர் இனம் அதை முந்தியது, கடைசியில் மலாயாவிலிருந்து போன அரிசானஸ் இரண்டையும் பின்தள்ளியது. மற்றவை புழுவைத் தேடும்போது இது முட்டையிலேயே இடம் பிடித்துவிடுகிறது அல்லவா? கொய்யாக் காடுகளில் நூற்றுக்கு அறுபது, எழுபது புழுவில் இந்தக் குளவி இருந்தது.

பிறகு தஹீட்டி. 1996 இல் ஈ போய்ச் சேர்ந்தது, 2002 இலிருந்து அரிசானஸ் விடப்பட்டது, சில ஆண்டுகளில் கொய்யாவிலும் நாட்டு வாதுமையிலும் ஈ பெருமளவு குறைந்தது.

ஆப்பிரிக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2003 இல் கென்யாவில் புது ஈ ஒன்று அகப்பட்டது. நம் இலங்கையிலும் அது இருந்தது. இரு இடத்து மாதிரிகளையும் வைத்து 2005 இல் அதற்கு இன்வாடென்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள், படையெடுத்து வருவது என்று பொருள். 2015 இல் நன்றாக ஆராய்ந்து, அது நம் பழைய டோர்சாலிஸ்தான் என்று முடிவு செய்தார்கள். அங்கே மாம்பழ ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. நைரோபியிலுள்ள சர்வதேசப் பூச்சி ஆய்வு மையம் 2006 இல் ஹவாயிலிருந்து அரிசானஸைக் கொண்டுவந்தது.

மூன்று இடத்திலும் ஈ மட்டும் போனது, குளவி போகவில்லை. அந்த வேறுபாட்டைக் கண்ட பிறகு நம் ஊரைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, நம்மிடம் ஈ இருக்கும் அளவே குளவியால் கட்டுப்பட்ட அளவு என்பதுதான். மிச்சமிருக்கும் காட்டோரத்தையும் வெட்டி, எல்லா வளவுக்கும் மருந்தடித்தால் நாமே நம் வளவை 1945 இன் ஹவாயாக்கிவிடுவோம்.

#9 குச்சவெளிவத்தகை | புதன், மதியம் 12.30

வத்தகைக்கும் இதே ஈதான். ஈயை மணத்தால் இழுக்கும் மெதைல் யூஜினோல் பொறி வைத்தால் போதாதா? பக்கத்துத் தோட்டத்தில் போத்தல் நிறைய ஈ விழுந்திருந்ததைக் கண்டேன்.

#10 பூச்சிக்கொப்பி | புதன், இரவு 8.15

அண்ணா, அந்த மருந்துக்கு வருவது மா, கொய்யா ஈயின் ஆண்கள் மட்டும். வத்தகையைக் குத்தும் பூசணி ஈக்கு வேறு மருந்து, கியூலூர் என்பார்கள், அதற்கும் ஆண்கள்தான் வரும். துளசியில் மெதைல் யூஜினோல் இருப்பதால் கசக்கிய துளசி இலைக்கும் ஆண் ஈ வரும், செய்து பாருங்கள். மிச்சமிருக்கும் சில ஆண்களே எல்லாப் பெண்களோடும் சேர்ந்துவிடும் என்பதால் ஆணை ஏறக்குறைய முழுவதும் பிடித்தால்தான் பலன். 1960களில் ரோட்டா என்ற பசிபிக் தீவில் அப்படி முழுவதும் பிடித்து ஈயை ஒழித்தார்கள். சிறு தீவு, தீவு முழுவதும் ஒரே நேரத்தில் செய்தார்கள். தனி ஒரு தோட்டத்தில் போத்தல் நிறைவது கண்ணுக்கு நிறைவு, அவ்வளவுதான்.

பெண்ணைப் பிடிக்கப் புரத இரை நல்லது. முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். இரையோடு கொஞ்சம் மருந்து கலந்து, செடி முழுவதும் அடிக்காமல் அங்கங்கே சில இலையின் அடியில் தெளித்தால் தேடி வந்து தின்னும். இந்தக் குளவிகள் அந்த இரைக்கு வருவதில்லை. பாவற்காய்க்குப் பிஞ்சிலேயே கடதாசி உறை போடுவதும் பலன் தரும், வேலை கூட.

#11 சம்பூர்வளவு | வியாழன், காலை 5.30

தம்பி சொன்னபடி மணலை அரித்தேன். அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் இருந்து ஒவ்வொரு கூடாகப் பார்த்தேன். மூடி திறந்த கூடு ஐம்பத்தெட்டு. அரித்த ஓட்டையுள்ள கூடு இருபத்தொன்று. ஓட்டையின் விளிம்பு எலி கறண்டிய தேங்காய்ச் சிரட்டை போல இருக்கிறது. திறக்காத கூடும் சில உண்டு, அவற்றைத் திரும்ப மணலில் வைத்துவிட்டேன்.

ஈ வந்தவுடன் கொட்டியிருந்தால் இந்த இருபத்தொன்றும் கொட்டுண்டு போயிருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. விழுந்த பழத்தைப் பொறுக்கி எரித்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஆறு வருடமாக எரித்தேன். ஈயோடு சேர்த்து எதை எரித்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இருபத்தொன்று சரி, அந்த ஐம்பத்தெட்டும் என் மாவுக்குத்தானே வரும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

#12 தம்பலகாமத்தான் | வியாழன், காலை 6.45

பிள்ளை, மாமா கேட்டது சரியான கணக்கு. அதற்குப் பதில் சொல்லாமல் மரத்தைக் காப்பாற்ற முடியாது.

#13 பூச்சிக்கொப்பி | வியாழன், இரவு 11.05

ஆம் ஐயா. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் மார்ட்டின் அலூஹா என்ற பூச்சியியலாளரின் குழு பல ஆண்டு செய்த வேலை இதுதான். அங்கே ஈ வேறு, அனஸ்ட்ரெஃபா இனங்கள். குளவியும் அந்த மண்ணுடையது. மிஞ்சியிருந்த காட்டுத் துண்டுகளிலும் வேலியோரங்களிலும் நின்ற பழமரங்களின் கனிகளைப் பொறுக்கி, எந்த மரத்திலிருந்து எத்தனை ஈ, எத்தனை குளவி என்று எண்ணினார்கள். நம் அம்பரலங்காய்க்கு உறவான ஸ்பொண்டியஸ் மொம்பின் மரத்தின் சின்னக் கனிகளிலிருந்து குளவி ஏராளமாக வந்தது. சிமேனியா என்ற செடியில் வளரும் ஈ தோட்டத்துப் பழத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் அதன் புழுவில் வளரும் குளவி தோட்டத்து ஈயையும் தாக்கும். அப்படிப்பட்ட மரங்களைக் காப்பதே பூச்சிக் கட்டுப்பாடு என்று 2014 இல் எழுதினார்கள். மா விளையாத மாதங்களில் குளவிக்குப் புழு வேண்டும், நிழல் வேண்டும், பூந்தேன் வேண்டும். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் வெறும் மணல் வளவில் இந்த மூன்றும் கிடையாது.

இப்போது உங்கள் எல்லை மரங்கள், அக்கா. இலந்தையைக் குத்தும் ஈ பெரும்பாலும் கார்போமையா. அது இலந்தை இனத்தைவிட்டு மாவுக்கு வராது. ஆகவே இலந்தை மாமாவுக்குப் பகையில்லை. ஆனால் அந்த ஈயைத் தாக்கும் குளவிகளில் ஒன்று அதற்கென்றே அமைந்தது, ஆகவே இலந்தையால் மாவுக்குப் பெரிய உதவியும் எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழம், பறவைக்குக் கூடு, அதற்காக நிற்கட்டும். நாவல் நிற்க வேண்டும், அது குளவிக்கு எட்டும் பழம். கொய்யாதான் சிக்கல். ஈயும் நிறைய, குளவியும் நிறைய. கொய்யாவை அப்படியே விட்டால் மாமா சொல்வது உண்மையாகிவிடும். வெட்டினால் இருபத்தொன்றும் போய்விடும்.

இதற்கு ஹவாயில் ஒரு கூடாரம் செய்தார்கள். விழுந்த பழத்தையெல்லாம் அதற்குள் போடுவது. கூடாரத்தின் மேற்பக்கம் வலை. வலையின் கண் ஈயின் மார்புக்குச் சிறியது, குளவியின் மார்புக்குப் போதும். ஈ உள்ளேயே சாகும், குளவி வெளியேறித் தோட்டத்துக்குப் போகும். எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். மேலோட்டமாகப் புதைத்தால் ஈ கிளறிக்கொண்டு வந்துவிடும். ஆழப் புதைத்தால் இரண்டும் சாகும்.

#14 உப்புவெளி | வெள்ளி, காலை 7.00

நுளம்பு வலை போதுமா?

#15 பூச்சிக்கொப்பி | வெள்ளி, காலை 7.20

கண் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடினால் நல்லது அண்ணா. சில நுளம்பு வலைகள் அந்த அளவுதான். உயிரோடு ஓர் ஈயையும் குளவியையும் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் மண்ணோடு இடைவெளி இருக்கவே கூடாது, எறும்பும் புகக்கூடாது.

#16 சம்பூர்வளவு | மூன்று கிழமை கழித்து, சனி, மாலை 5.10

எழுதத் தாமதமாகிவிட்டது.

பழைய தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றில் ஒரு சாண் மணல் போட்டு, வாயில் நுளம்பு வலையை இழுத்து சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினோம். நாவலின் நிழலில் வைத்து, எறும்புக்காகக் காலடியில் தண்ணீர்த் தட்டு. வலையின் ஒரு பக்கத்தில் சட்டைக் கை ஒன்றைத் தைத்தேன். பழத்தை அதன் வழியே போட்டு நுனியை முடிந்துவிடலாம். எங்கள் கொய்யாவும் மாமாவின் புழுத்த மாம்பழமும் எல்லாம் அதற்குள்தான் போனது. மாமாதான் காலையில் பொறுக்கிக் கொண்டுவந்து தருவார். மரத்தை வெட்டச் சொல்லி இப்போது கேட்பதில்லை. வெட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஈ வந்தபோது பீப்பாய் இரைந்தது. வலையின் அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. இரண்டு, மூன்று நாளில் விழுந்து செத்தன.

நேற்றுக் காலை, வெயில் ஏறுமுன், மாமாவும் நானும் வலைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குளவி உள்ளிருந்து வலைக்கண் ஒன்றில் உணர்கொம்பை நீட்டியது. முதலில் தலை வந்தது. மார்பு வந்த இடத்தில் நின்றுவிட்டது, முன்கால்களால் நூலைப் பிடித்து இழுத்தது. பிறகு சட்டென்று முழுவதும் வெளியே. வலைமேல் நின்று சிறகைப் பின்காலால் நீவியது. ஊசியுள்ளது, பெண். மாமா மூச்சுக்கூட விடவில்லை. அது எழும்பி நேரே மாமரப் பக்கம் போனது. அன்று காலை மட்டும் ஒன்பது எண்ணினோம்.

#17 தம்பலகாமத்தான் | சனி, மாலை 6.30

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன் பிள்ளை. என் பேரனும் பீப்பாய் தேடப் போய்விட்டான். சைக்கிள் டியூப் எவ்வளவு இறுக்க வேண்டும், வலை கிழியாதா?

#18 சம்பூர்வளவு | சனி, மாலை 7.05

பீப்பாயின் விளிம்பில் பழைய துணியை ஒருமுறை சுற்றி, அதன்மேல் வலையை விரித்துக் கட்டுங்கள் ஐயா. கிழியாது.

#19 கிண்ணியாப்பந்தல் | ஞாயிறு, காலை 6.20

நானும் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்தை நிறுத்தி இரண்டு கிழமை. பிஞ்சுக்குக் கடதாசி உறை போட்டு, புரத இரை அங்கங்கே வைத்திருக்கிறேன். காய் முன்பைவிடக் குறைவாகத்தான் விழுகிறது, ஆனால் விழுகிறது. வேலியில் படர்ந்த காட்டுப் பாகலைப் பிடுங்கச் சொல்லி வைத்திருந்த ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். விழுந்த பாவற்காய் ஓர் உரப்பையும், காட்டுப் பாகல் காய் ஒரு பையுமாக இரண்டு பீப்பாயில் தனித்தனியே வலை கட்டி வைத்திருக்கிறேன், எதிலிருந்து எத்தனை வருகிறது என்று பார்க்க. இன்றைக்கு ஏழாம் நாள், புழு மணலுக்குள் இறங்குகிறது. எத்தனையாம் நாளிலிருந்து பார்க்க வேண்டும் தம்பி?

#20 பூச்சிக்கொப்பி | ஞாயிறு, காலை 6.50

ஈ வரத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள் நானா. அதிலிருந்து மூன்றாம் நாள் தொடங்கி இரண்டு கிழமைக்குத் தினமும் விடியற்காலையில் பாருங்கள். மணல் காயாமல் லேசாக ஈரம் தெளியுங்கள். கூடுகளைக் கொட்டாமல் வையுங்கள், அடுத்த வெள்ளி ஊருக்கு வரும்போது நுண்ணோக்கியோடு கிண்ணியாவுக்கு வருகிறேன்.